கணிப்பொறி எண்ணும் எழுத்து

தமிழ் இலக்கணம் எழுத்திலிருந்து தொடங்குகின்றது. தொல்காப்பியர் தம் நூலின் முதற்பகுதியை எழுத்ததிகாரமாகவே அமைத்தார். பின்வந்த பவணந்தி முனிவரும் அவ்வழியே நின்றார். எழுத்து யாது, அது எத்தனை என்று வரையறுக்காமல் சொல்லுக்கோ பொருளுக்கோ செல்வது நம் மரபன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்துவிடுகின்றோம். மனனம் செய்த காரணத்தாலேயே அதனைப் பற்றி மீண்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தவர் கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, "ஐயா, 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" என்று அவர் வினவினார். மூன்று என்றேன். "ஆய்வகத்தில் ஐந்து என்று வருகிறதே!" என்றார் அவர். அவருடைய நண்பர் வேறொரு மொழியில் நிரல் எழுதிப் பார்த்தாராம். அதில் 15 என்று வந்ததாம். மூன்று, ஐந்து, பதினைந்து என ஒரு சொல்லுக்கு மூன்று விடைகள். எம்.ஃபில். வரை இலக்கணம் பயின்றும் கற்பித்தும் வருகின்ற ஒருவனுக்கு இதனைக் கேட்டுவிட்டு வாளாவிருக்க இயலுமா? அந்த மாணவரிடமே சிறிது நிரலாக்கம் கற்றேன். அதன் பயனாக எழுதப்படுவது இக்கட்டுரை. கணினித் துறை ஆசிரியப் பெருமக்கள் இதில் புதிதாக எதனையும் காண மாட்டார்கள். தமிழ்த்துறை நண்பர்கள் சிலவற்றைக் காணக்கூடும்.

கணிப்பொறியில் எழுத்துகள் தொடர்ந்து அமைந்த ஒரு கோவையைச் சரம் என்கின்றனர். பூச்சரம், மணிச்சரம் என்று நாம் வழங்கும் சொல்லே இது. கலைச்சொல் ஆக்கியவர் யாராயினும் அவரைப் பாராட்டலாம்; ஏனெனில் பொருள் மிகப் பொருத்தமாக அமைந்துள்ளது. சரத்தில் கோத்த மணி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்திற்கு ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் மணி கையில் வரும். பைத்தான் என்னும் நிரல்மொழியில் சரத்தின் பெயரை எழுதி, அதனை அடுத்துச் சதுர அடைப்பில் எண்ணை இட்டால் போதும். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் அந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கவும் இடம் உண்டு. 'சொல்' என்று பெயரிட்ட சரத்தில் சொல்[0] என்று கேட்டால் முதல் எழுத்து வரும்.

முதல் எழுத்துக்குச் சுழியமா என்று வியப்பு எழும். எனக்கும் எழுந்தது. காரணம் எளிது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், சரத்தின் பெயர் அது நினைவகத்தில் தொடங்கும் இடத்தைக் குறிக்கும். சதுர அடைப்பில் உள்ள எண், அந்த இடத்திலிருந்து எத்தனை அடி நகர வேண்டும் என்பதைக் கூறும். முதல் மணி தொடக்கத்திலேயே இருப்பதால் நகர வேண்டுவதில்லை, ஆகவே சுழியம். தரைத்தளத்தை விட்டு ஒரு படிக்கட்டு ஏறிய பின்னரே முதல் மாடி என்கின்றோம் அன்றோ? அதனைப் போன்றதே இது. பாஸ்கல், ஃபோர்ட்ரான் முதலிய மொழிகள் வழக்கமாக ஒன்றிலிருந்தே எண்ணின. சுழியத்திலிருந்து எண்ணுவதே தக்கது என்று 1982ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா ஒரு சிறு குறிப்பே எழுதினார். நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தடுமாறுவதும், பின்னர் வாடகைக் கணக்கைக்கூடச் சுழியத்திலிருந்து தொடங்கப் பார்ப்பதும் இதனால்தான்.

சுழியம் ஒரு பொருட்டன்று, பழகிவிடும். இடர் அதற்கு அப்பால் உள்ளது.

'தமிழ்' என்ற சொல்லைச் சரமாக வைத்து ஒவ்வோர் இடமாகக் கேட்டால் கிடைப்பவை இவை: 0இல் த, 1இல் ம, 2இல் இகரக் கொக்கி மட்டும், 3இல் ழ, 4இல் புள்ளி மட்டும். 'மி' என்ற எழுத்து எந்த இடத்திலும் இல்லை. 'ழ்' என்ற எழுத்தும் இல்லை. கடைசி எழுத்தைக் கொடு என்று கேட்டால் ஒரு புள்ளியை நீட்டுகின்றது கணிப்பொறி. ழகரமெய்யின் மேல் ஒட்டி நிற்கும் புள்ளியை அதிலிருந்து கழற்றித் தனியே தட்டில் வைத்துக் கொடுப்பதைப் போன்றது இது.

இது ஏன் நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்ணே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி என்னும் திட்டத்தின் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு அதற்கு முன்னரே, 1988ஆம் ஆண்டில், இஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறை வகுக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்படையிலேயே ஒருங்குறியில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. தமிழுக்குரிய கட்டம் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் கொண்டது. அதில் 72 இடங்களே நிரப்பப்பட்டுள்ளன. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறிகள், புள்ளி, ஆய்தம், தமிழ் எண்கள், சில அடையாளக் குறிகள் அவ்வளவே. கி, கீ, கு, கூ என்பவற்றுக்குத் தனி எண் கிடையாது. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 'க்'. 'தமிழ்' என்பது கணிப்பொறிக்கு 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். இவ்வெண்களைக் கோப்பில் சேமிக்கப் பெரிதும் கையாளப்படும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடத்தை அடைக்கும். சி மொழி பைட்டையே எண்ணும், எனவே 15. பைத்தானும் ஜாவாவும் குறியை எண்ணும்; எனவே 5. ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் என்ற மொழி கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதை ஒன்றாக எண்ணும். அதில் 3 வரும். மாணவரின் நண்பர் சி மொழியில் எழுதியிருக்கின்றார், அவ்வளவுதான்.

ஆனால் கணிப்பொறி மட்டுமா பல விடை கூறுகின்றது? நம் இலக்கணத்தைக் கேட்டுப் பாருங்கள். எழுத்தாக எண்ணினால் த, மி, ழ் என மூன்று. யாப்பில் ஒற்று நீக்கி எண்ணினால் இரண்டு. மாத்திரை கணக்கிட்டால் இரண்டரை. ஒலிகளாகப் பிரித்தால் த், அ, ம், இ, ழ் என ஐந்து! இந்த ஐந்தைக் கண்டதும் எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி உண்டாயிற்று. கணிப்பொறியின் ஐந்தும் தொல்காப்பியரின் ஐந்தும் ஒன்றே என்று எண்ணத் தோன்றிற்று. உற்று நோக்கினால் அவ்வாறன்று. தொல்காப்பியரின் கணக்கில் 'த' என்பது மெய்யும் அகரமுமாகிய இரண்டு. 'ழ்' என்பது ஒன்று. கணிப்பொறியின் கணக்கில் 'த' ஒன்று, 'ழ்' இரண்டு. தொகை ஒன்றாக இருப்பினும் கூறுகள் நேர்மாறு. நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதனுடன் அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கின்றது. ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. அதிலிருந்து அகரத்தை நீக்கப் புள்ளி சேர்க்கப்படுகின்றது. கணிப்பொறியைக் குறை கூறுமுன் ஒன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மெய் புள்ளி பெற்று நிற்கும், புள்ளி இன்றேல் அகரம் ஏறி ஒலிக்கும் என்று வரிவடிவத்திற்கு விதி கூறியவரும் தொல்காப்பியரே. ஒலியைப் பற்றிய அவருடைய விதியை விட்டுவிட்டு, வடிவத்தைப் பற்றிய அவருடைய விதியை எடுத்துக்கொண்டது ஒருங்குறி எனலாம்.

இன்னொரு செய்தியில் ஒருங்குறி தொல்காப்பியரோடு முற்றும் ஒத்துப் போகின்றது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது நூன்மரபு காட்டும் முறை. 'கெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் இட்டுப் பின்னரே ககரத்தை எழுதுகின்றோம். பழைய தட்டச்சுப் பொறியிலும், 1990களில் புழங்கிய பல எழுத்துருக்களிலும் கொம்பு முன்னே சென்று அமர்ந்தது. ஒருங்குறியில் கண்ணுக்குக் கொம்பு முன் நிற்பினும், உள்ளே ககரத்திற்குப் பின்னரே வைக்கப்படுகின்றது. கை எழுதும் முறை அன்று, வாய் ஒலிக்கும் முறையே அங்கு பின்பற்றப்படுகின்றது.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்திருந்தால் இத்தொல்லை இல்லையே என்று கேட்பவர் உண்டு. அந்த எண்ணத்தில் பிறந்ததே டேஸ் 16 என்ற முறை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது இதனையும் மாற்றுத் தரமாக ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ஆயினும் கைப்பேசி முதல் வங்கிப் பொறி வரை உலகமே ஒருங்குறியில் இயங்கும்போது நாம் அதனோடு வாழப் பழகுவதே நடைமுறை என்பது என் கருத்து.

இதெல்லாம் நிரலாளர் கவலை, நமக்கென்ன என்று பெரியோர் எவரேனும் நினைக்கலாம். நடந்த ஒன்றைக் கூறுகின்றேன்.

நம் வீடுகளில் தந்தையர் பெயர் எவ்வாறு தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முகம்மது, மீரான், மைதீன், மொய்தீன், முஸ்தபா. தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதினால் மு, மீ, மை, மொ, மு. ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து உதவித்தொகைப் பட்டியல் ஒன்று கணிப்பொறி அச்சாக வந்தது. தலைப்பெழுத்தைக் கணிப்பொறியே தந்தை பெயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பட்டியல் முழுவதும் ம., ம., ம. என்றே இருந்தது. சுழிய இடத்தில் உள்ளதை எடு என்று நிரல் கூறியிருக்கின்றது. சுழிய இடத்தில் மகரம் இருந்தது. மு, மீ, மொ அனைத்தும் மகரமாயின. பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மாணவியர் இருவர் இருந்தனர். ஒருவர் தலைப்பெழுத்து மு, மற்றவர் மீ. பட்டியலில் இருவரும் ஒன்றாயினர். இரட்டைப் பதிவு என்று யாரோ ஒரு பெயரை நீக்கிவிட்டனர்.

நீக்கப்பட்ட பெண்ணுக்குத் தந்தை இல்லை. தாயார் பீடி சுற்றிப் படிக்க வைக்கின்றார். அந்தத் தொகை வந்தால்தான் தேர்வுக் கட்டணம் என்ற நிலை. மூன்று முறை விண்ணப்பம் எழுதினோம். "பட்டியலில் பெயர் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றே முதல் இருமுறையும் விடை வந்தது, அந்தப் பெயர் மற்றொரு பெண்ணுடையது என்பதை விளக்க எங்களுக்கே நெடுநேரம் பிடித்தது. மூன்றாம் முறை பிறப்புச் சான்றிதழ் படியோடு சென்ற பின்னர், ஓர் எழுத்தர் பொறுமையாகக் கேட்டுச் சரிசெய்து தந்தார். தேர்வுக் கட்டணம் அதற்குள் வேறு வழியில் கட்டப்பட்டுவிட்டது. இந்தப் பெண் தன் தந்தையிடமிருந்து பெற்றவற்றுள் எஞ்சியிருந்தது அந்த ஓர் எழுத்து. அதன் சுழியையும் பொறி கழற்றிக்கொண்டது.

நிரல் எழுதியவர் தீயவர் அல்லர். ஆங்கிலத்தில் அவருக்குக் கற்பிக்கப்பட்டது சரியே. அம்மொழியில் சுழிய இடத்தில் உள்ளதே முதல் எழுத்து. பாடநூலின் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அம்மொழியில் இருந்தால் மாணவர் வேறு எதனைக் கற்பார்? சில இடங்களில் பெயருக்கு இத்தனை குறிகள் என்று அளவு வைத்து வெட்டிவிடுவதும் உண்டு. அளவு சரியாகப் புள்ளிக்கு முன் முடிந்தால் 'பேகம்' 'பேகம' ஆகும். 'காதர்' 'காதர' ஆகும்.

தீர்வு கடினமன்று என்பதே வியப்பு. மாணவர் எழுதிய நிரல் பத்து வரிகூட இல்லை. சரத்தை முதலிலிருந்து ஒவ்வொரு குறியாகப் பார். வருவது உயிர்க்குறியோ புள்ளியோ எனின் அதனை முந்தைய எழுத்தோடு சேர். இன்றேல் புதிய எழுத்தொன்றைத் தொடங்கு. இவ்வளவுதான். தனித்து இயங்கும் ஆற்றல் இல்லாதது சார்ந்து நிற்கும் என்ற நம் இலக்கண நெறியே இங்கு நிரலாகின்றது. இப்பணியைச் செய்யும் ஓப்பன் தமிழ் என்ற நிரல்தொகுப்பு பைத்தானில் விலையின்றிக் கிடைக்கின்றது. க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை ஒன்றாகக் கொள்வதா, பிரிப்பதா என்பதை மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டும். கிரந்த எழுத்தைப் பற்றிய சண்டை கணிப்பொறியிலும் நம்மை விடவில்லை.

இந்நிரலைச் சோதிக்க 'விகடகவி'யை நான்தான் கொடுத்தேன். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக அமைவது மாலைமாற்று. குறிகளை அப்படியே திருப்பியபோது முதலில் ஒரு கொக்கி ஆதரவின்றித் தொங்கிற்று. அதன்பின் 'வகடகிவ' என்று வந்தது. மாலைமாற்று அன்று எனத் தீர்ப்பளித்தது பொறி. எழுத்துகளாகச் சேர்த்துத் திருப்பியபோது வி, க, ட, க, வி சரியாக வந்தது. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கின்றார். குறிக்கணக்கு நிரலிடம் கொடுத்தால் சம்பந்தருக்கும் இத்தீர்ப்பே கிடைத்திருக்கும்.

இங்கே என் இளமையில் ஓதப் போன பள்ளி நினைவுக்கு வருகின்றது. ஜபர், ஜேர், பேஷ் என்று குறிகளைச் சொல்லி எழுத்துக் கூட்டி ஓதக் கற்பித்தார் ஹஜ்ரத். அரபு மொழியிலும் இதே நிலைதான். முஹம்மத் என்ற திருப்பெயர் அரபியில் மீம், ஹா, மீம், தால் என நான்கே எழுத்துகள். ஒலிக்குறிகளையும் இட்டு எழுதினால், இறுதிக் குறியை விட்டுவிட்டாலும், கணிப்பொறிக் கணக்கில் எட்டு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரபியில் குறிகளை நீக்கினாலும் பழகியவர் படித்துவிடுவார். நாளிதழ்கள் குறியின்றியே அச்சாகின்றன. தமிழில் குறியை நீக்கினால் சொல்லே மாறிவிடும். 'மீன்' 'மன' ஆகும். 'கல்' 'கல' ஆகும். ஆகவே இவ்வகையில் நாம் அரபு மொழியினரைவிடக் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டியவர்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி உள்ளே வேறாக இருப்பவையும் பல. 'க' என்ற எழுத்தும் ஒன்றைக் குறிக்கும் '௧' என்ற தமிழ் எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே உள்ளன, குறியெண் வேறு. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டிலும் வைக்கலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. அவை நெடுந்தொலைவில் வேறொரு கட்டத்தில் உள்ளமையால், ஜாவா மொழியில் ஒரு முந்திரி இரண்டாக எண்ணப்படும். முந்நூற்று இருபதில் ஒரு பங்கு இரண்டாக எண்ணப்படுவதை நம் பாட்டனார் கேட்டால் என்ன சொல்வார்!

அகரவரிசையும் இதே நோயில் வாடுகின்றது. 5027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்திற்கு ஒரு சொல்லடைவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். சிறு பகுதியொன்றைக் கணிப்பொறியில் ஏற்றி அடுக்கச் சொன்னேன். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. நம் வரிசையிலோ அவை இறுதியில் நிற்பவை. புள்ளியின் எண் பெரிதாகையால் 'அகம்' முன்னும் 'அக்கம்' பின்னும் வந்தன. தமிழ்ப் பேரகராதி முறைப்படி 'அக்கம்' அன்றோ முந்தி வரல் வேண்டும்? எழுத்தாகச் சேர்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நம் வரிசை எண்ணைத் தந்து அடுக்கிய பின்னரே சரியாயிற்று.

அம்மாணவர் அதே நிரலை வைத்து இப்போது கட்டளைக் கலித்துறைக்குக் கணக்குப் பார்க்கின்றார். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்பது விதி. புள்ளியில் முடியும் எழுத்துகளையும் ஆய்தத்தையும் தள்ளிவிட்டு எஞ்சியவற்றை எண்ணுகின்றது நிரல். சென்ற மாதம் அவரே இயற்றிய பாடல் ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு அடியும் நேரசையில் தொடங்குவன. நான் விரல் விட்டு எண்ணினேன், அடிதோறும் 16. நிரலோ மூன்றாம் அடியில் 17 என்றது. மீண்டும் எண்ணினேன், 16 தான். "நிரலில் பிழை" என்றேன். அவர் திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துக் காட்டினார். அவ்வடியில் 'மௌனம்' என்ற சொல் இருந்தது. ஔகாரக் குறிக்கு மாறாக, மகரத்தின் முன்னே கொம்பும் பின்னே ளகரமும் தட்டப்பட்டு 'மெ', 'ள', 'ன', 'ம்' என நான்கு எழுத்தாக நின்றது. தாளில் வேறுபாடே தெரியவில்லை. அந்த ளகரத்தை அழித்து ஔகாரக் குறியை இட்டு மீண்டும் இயக்கினார். 16 என்று வந்தது.